கெஸ்ட் உள்ளே இருக்கிறான்

செவ்வாய்

விடாத மழை. குருவிநத்தம் ரோட்டில் தண்ணீர். கரும்பு வெட்டு நின்றதால் என் வீட்டுக்காரர் ஏழுமலை நாள் முழுக்க வீட்டில். அவர் வீட்டில் இருந்தால் நான் லேப்டாப்போடு சமையலறைக்குப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்கான தேர்வு. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனி. வீடியோவில் செய்துகாட்ட வேண்டும். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டி, இரண்டையும் நெட்வொர்க்கில் சேர்க்கணும். வெளியே இருப்பது ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட். வேலை கிடைத்தால் இந்த வீட்டை விட்டுப் போய்விடுவேன்.

கெஸ்ட்டில் இன்டர்நெட் வருகிறது. வெளியிலிருந்து பிங் அடித்தால், அதாவது 'இருக்கியா' என்று கூப்பிட்டால், பதிலே இல்லை. சனியன்.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, வலி மாத்திரை.

புதன்

மழை விட்டது. பாத்திமாவுக்கு போன். கூடப் படித்தவள், பாகூர் கடைத்தெருவில் அவள் அத்தா துணிக்கடை. ஏழுமலை கழனியிலிருந்து சீக்கிரம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது தெரியாது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"கெஸ்ட்டு உள்ளதான் கீறான்டி. நான் கூப்ட்டா வாயே தொறக்க மாட்றான்."

முடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். புருவம் கிழிந்தது. கரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டு கட்டிலடி, பீரோ, கக்கூஸ் எல்லாம் ஆளைத் தேடினார். ரத்தத்தோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு ஒரு உதை, விலாவில்.

"எவன்டி அவன்? இன்னா பேரு?"

கம்ப்யூட்டர் என்றேன். லேப்டாப்பைத் தூக்கித் தரையில் அடித்தான். மறுபடி தூக்கக் குனிந்தபோது சார்ஜரைச் சுழற்றி வீசினேன். அதன் பெட்டி அவன் வாயில் பட்டுப் பல் உடைந்தது. நன்றாக இருந்தது. பொய் எதற்கு, ரொம்ப நன்றாக இருந்தது.

வியாழன்

ராத்திரியே பாத்திமா வீட்டுக்கு வந்துவிட்டேன். புருவத்தில் தையல். மாமியார் போனில், ஆம்பளை மேல கை நீட்டலாமா என்று. அவன் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பா.வின் லேப்டாப்பில் மறுபடி. கோளாறு பிடிபட்டது. 'ஹோஸ்ட் ஒன்லி' என்று இரண்டாவது நெட்வொர்க் அடாப்டர் ஒன்று வேண்டும். அது மட்டும் போட்டால் இரண்டும் தங்களுக்குள் பேசும், வெளியுலகம் கிடையாது. நம்ம குடித்தனம்தான். இன்டர்நெட் தருகிற பழைய அடாப்டரையும் விட்டுவைத்தால் ரெண்டும் நடக்கும். பிங் அடித்தேன், பதில் வந்தது. அழுதேன். தையல் எரிந்தது.

வெள்ளி

வெயில். கடையின் பின்னறையில் தேர்வு. பாதியில் ஏழுமலை வந்துவிட்டான். பா.வின் அத்தா ஷட்டரை இறக்கிப் பூட்டினார். வெளியே கத்தியால் தகரத்தில் வெட்டு மேல் வெட்டு. உள்ளே இருக்கிறவனை வெளியே அனுப்புடி, ரெண்டு பேரையும் கூறு போடுறேன் என்று கத்தல். ஐபி அட்ரஸைத் தப்பாக அடித்தேன். அழித்துத் திரும்ப அடித்தேன். பதில்கள் வரிசையாக வந்தன.

தேர்வு எடுத்த மேடம், என்ன சத்தம், பக்கத்தில் கட்டட வேலையா என்றார். ஆமாம் மேடம் என்று வாய் வரைக்கும் வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான்: வழுக்கி விழுந்தேன், கதவு இடித்தது. அதுவரை தையல் தெரியாமல் கேமராவுக்கு ஒரு பக்கம் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தேன். முகத்தை நேராகத் திருப்பினேன்.

"என் புருஷன் மேடம். என்னை வெட்ட வந்திருக்கான்."