அம்மா கேட்கக் கூடாத கேள்வி

செவ்வாய், இரவு. ஜாசின், வீட்டில்.

மாலையில் எங்கள் வட்டாரக் கிளினிக்குகளில் மருந்து கொடுக்கப் பயன்படும் கணினி சிஸ்டம் நின்றுபோனது. அதைப் பராமரிக்கும் குழுவுக்கு அம்மாதான் தலைவி. வீட்டு மேசையிலிருந்தே எல்லாரையும் அழைப்பில் சேர்த்தார். எதிரே நான் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்.

பழுது நேரத்தில் "என்ன நடந்தது?" என்றுதான் கேட்க வேண்டும், "யார் செய்தது?" என்று கேட்கவே கூடாது. அம்மாவே வைத்த விதி அது. ஆள் பயந்தால் உண்மை ஒளிந்துகொள்ளும் என்பார்.

இன்று அம்மாவே கத்தினார். "யாரு கை வெச்சது, சொல்லுங்க லா!"

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு புதிதாகச் சேர்ந்த கவிதா அக்கா, "நான் ஒண்ணும் தொடலக்கா" என்றார்.

எல்லாரும் பழுதை வேறெங்கோ தேடினார்கள். வெகுநேரம் கழித்து கவிதா அக்காவே அழுதார். "நான்தான்கா, மத்தியானம் ஒரு செட்டிங்க மாத்திட்டேன்." உடனே சரிசெய்துவிட்டார்கள்.

அதற்குள் மெர்லிமாவ் கிளினிக்கில் இன்சுலினுக்குக் காத்திருந்த ஒரு தாத்தா, வெறுங்கையோடு மோட்டார் சைக்கிளில் போய்விட்டாராம். கிளினிக்கிலிருந்து அழைத்தும் போனை எடுக்கவில்லையாம்.

"அவ பொய் சொல்லல, நான் சொல்ல வெச்சேன்" என்றார் அம்மா. சாப்பிடவில்லை.

கண்ணை மூடினால் அந்த மூச்சு கேட்கிறது. அம்மா அறையில் விளக்கு எரிகிறது. கிளினிக் காலையில்தான் திறக்கும்; தாத்தா வருவாரா என்று அப்போதுதான் தெரியும்.