பாறைக்கு வாங்கிய ட்ரில்

சனி இரவு, இல்ஃபோர்ட்

இன்று பார்சலில் ஒரு பேட்டரி ட்ரில் வந்தது. என் கணவர் சிவா வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு அல்ல, ஜோர்தான் பாலைவனத்துப் பாறைக்கு.

போன மாதம் அங்கே பாறை ஏறும்போது, அதில் அடித்திருந்த ஐந்தாவது போல்ட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். கயிற்றை மாட்ட அடுத்த போல்ட் இன்னும் இரண்டு மாடி உயரம் மேலே இருந்தது. இடையில் வெறும் மணற்பாறை. விரல்களில் நம்பிக்கை வரவில்லை. இறங்கிவிட்டேன். பிறகு சிவா ஏறி முடித்தார்.

"அடுத்த முறை இடையிலை ஒரு போல்ட் அடிச்சு விடுறன். உமக்குச் சுகமா இருக்கும்" என்றார்.

முதலில் ஏறியவர்கள் போட்ட வழியில், அவர்களைக் கேளாமல் யாரும் போல்ட் சேர்ப்பதில்லை. இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

"நீர் ஏறேக்கை அது தேவைப்படேல்லையே?"

"நான் சமாளிப்பன். உமக்குத்தான்..."

அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். அதனால்தான் இன்னும் எரிகிறது. பயந்தது நான். அதற்குப் பாறையில் ஏன் ஓட்டை?

பின்னேரம் அதே ட்ரில்லால் குசினி வாசலுக்கு மேலே நான்கு துளை போட்டேன். விரல் பயிற்சிக்கு வாங்கி, ஒரு வருடமாகக் கட்டிலுக்கடியில் கிடந்த பலகையை அங்கே பூட்டினேன். சத்தம் கேட்டு சிவா ஓடிவந்தார்.

"என்ன செய்யிறீர்? வாடகை வீடெல்லோ."

"ஓம். ஓட்டை போடுறதெண்டா இங்கை போடுவம்" என்று சொல்லிவிட்டுப் பலகையில் விரல் நுனிகளால் தொங்கினேன். பதினொரு விநாடி.

இப்போது பேனா பிடிக்கவே விரல் வலிக்கிறது. ஏப்ரலில் திரும்பப் போகிறோம். ட்ரில் வராது.