ஜெயப்பிரியாவின் கட்டுச்சோறு

புதுச்சத்திரம்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை தீனதயாளனுக்கு,

அத்தை வசந்தாமணி எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் மைதிலி சொல்லிக்கொடுத்தாள். நானும் குழந்தை கனிஷ்காவும் இருக்கிறோம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன் செய்தால் போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். சத்தீஸ்கர் விலாசத்தை உங்கள் ஓனர் ஆபீசில் வாங்கினேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். எங்கள் வீதியில் தறிக்குப் போகிற மைதிலி, சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் போன்ற பெண்களுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லித்தருகிறாள். பெற்ற மகள் ஜெயப்பிரியா பிரசவத்தில் போன பிறகு வீட்டிலேயே கிடந்த என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அவள்தான். எழுத்துப் பிழையை மட்டும் அவள் திருத்தினாள். சேதி என்னுடையது.

போன வாரம் வகுப்பில் விழா. அவரவர் வீட்டு வழக்கம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று பேச்சு. எங்களோடு படிக்கிற அத்தாயி அக்கா, பொங்கலுக்குப் பாடுகிற பூப்பறிக்கும் நோம்பிப் பாட்டைப் பாடிக் கும்மியடித்தார். மைதிலியை மணையில் உட்கார வைத்து ஆரத்தி எடுத்து, புடவை கொடுத்தோம். அந்தப் பெண் அழுதுவிட்டது.

நான் கட்டுச்சோறு ஆக்கிக் கொண்டுபோனேன். வேறெதுவும் தோன்றவில்லை. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த அதே மாதிரிதான். கை தானாகச் செய்தது. என் முறை வந்ததும் எழுந்து, "எங்க ஊட்டுல மாசமா இருக்கற புள்ளைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோயி, அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டு வருவமுங்க" என்றேன்.

"அப்புறம் என்னங்க்கா பண்ணுவீங்க?" என்று வகுப்புக்குப் புதிதாக வந்த பெண் கேட்டாள்.

"கூட்டிட்டு வந்தமுங்க. அவ்வளவுதானுங்க" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

 பிறகு அத்தாயி அக்கா இலையை விரித்து, "சோத்தப் போடு சாமி, பசிக்குது" என்றார். எல்லோருக்கும் பரிமாறினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு உப்புக்கூடத் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. கனிஷ்கா மட்டும் மைதிலி மடியில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள்.

உங்கள் அம்மா பெண் பார்ப்பதாகச் செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அதில் தப்பில்லை, மாப்பிள்ளை. உங்களுக்கு வயது இருக்கிறது. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஆனால் குழந்தைக்கு இன்னும் முதல் முடி எடுக்கவில்லை. நடக்கிறாள், ஓடுகிறாள், முடி கண்ணில் விழுகிறது. ரப்பர் பேண்டு போட்டால் பிடுங்கி எறிகிறாள். முதல் முடி உங்கள் குலசாமிக்குத்தான். நானாகக் கொண்டுபோய் எடுத்தால் அவளுக்கு அப்பன் வீடு இல்லை என்று ஆகிவிடும். பிறந்த அன்று அவளைப் பார்க்காமலே போனீர்கள். அன்று எதையும் பார்க்கிற நிலையில் நீங்கள் இல்லை. அதைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

மழை தொடங்கினால் ரிக் ஊருக்குத் திரும்பிவிடும் என்று ஆபீசில் சொன்னார்கள். அப்போது வாருங்கள். யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். முடி எடுக்கும்போது கத்துவாள்; மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும். சிரித்தால் அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும். வந்து திடீரென்று பார்க்க வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன். அது ஜெயப்பிரியாவுக்கு விழுந்த அதே குழி.

எங்கே இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது, சாமி.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
வசந்தாமணி