பூச்சி தொடாத தொட்டில்

மார்ச் 4
தொட்டிலைத் திரும்ப வாங்கிப் போக, அதற்குச் சொந்தமான பழங்குடியிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். நூறு வருடமாக எங்கள் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது. மரச்சட்டம், உள்ளே முயல் தோல். "தோலைப் பாருங்க, ஒரு பூச்சி அரிக்கலை" என்று பெருமையடித்தேன். "கொஞ்சம் படுக்க வைக்கட்டுமா?" என்றாள். சட்டத்தில் நச்சு இருக்கிறதா என்று கருவியால் சோதித்தாயிற்று, சுத்தம். தாராளமாக என்றேன். குழந்தை தோலைப் பிடித்துச் சப்பியது. எல்லாரும் சிரித்தோம்.

மார்ச் 5
ஏன் அரிக்கவில்லை?
பல் தேய்க்கும்போது உறைத்தது. அந்தக் காலத்துக் கிடங்குகளில் தோல், இறகு எதுவானாலும் பூச்சி வராமலிருக்க ஆர்சனிக் விஷம் தூவுவார்கள். எனக்குத் தெரியாதா இது? இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சேன்? சட்டத்தில் வைத்த கருவியைத் தோலில் வைக்க என்ன கேடு?
நல்லவேளை, தொட்டில் இன்னும் கிடங்கில்தான் இருந்தது; ஓடிப்போய்த் தோலில் வைத்தேன். ஆர்சனிக்தான்.
இயக்குநர், "கொஞ்ச நேரம்தானே படுத்துச்சு? ஊதிப் பெரிசாக்காதீங்க" என்றார். வாயில வெச்சது அவர் பிள்ளையா?
அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றாள்.

மார்ச் 6
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
வீட்டில் கழுவிக் கழுவி என் கையில் தோல் உரிகிறது. "போதும், கையே கரைஞ்சிடப் போகுது" என்கிறார் இவர்.

மார்ச் 7
ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 8
குழந்தை வாந்தி எடுத்ததாம். ஐயோ கடவுளே. பால் கக்கியதுதான் என்கிறார் டாக்டர் — அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் 10
பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் அருகில் வந்து நின்றாள்.
"எங்க தொட்டிலுக்கு ஏன் விஷம் வெச்சாங்க?"
"பத்திரமா இருக்கட்டும்னு." சொல்லும்போதே நாக்குக் கூசியது.
"யாருக்குப் பத்திரமா?"


ஏப்ரல் 2
தொட்டிலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டோம். நாளை அப்படியே ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்து, அதன் ஒவ்வொரு கயிற்று முடிச்சையும் பார்த்துப் பார்த்துப் புதிதாக ஒரு தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை இறுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.
"இந்தாங்க, பிடிங்க." குழந்தையை நீட்டினாள்.
"இருங்க, கை கழுவிட்டு —"
"இப்பத்தானே கழுவினீங்க? பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."
வாங்கினேன். குழந்தை என் விரலைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோனது. அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள், பிறகு குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டாள்.