ஒயில் ஹீற்றருக்கு எண்ணெய் வேண்டாம்

வேலைக்குக் கிளம்பிய வதனி திடுக்கிட்டு நின்றாள். கரண்ட் மிச்சம் என்று கணவன் தயாபரன் அஜின்கோர்ட் கடையில் வாங்கிவந்த ஒயில் ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கான்! ஆத்திரத்தோடு சீட்டு எழுதிக் கானிலேயே ஒட்டினாள்:

“இஞ்சாருங்கோ, உந்த ஹீற்றருக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்திப்போடாதேங்கோ, வீடு எரிஞ்சுபோம். அந்த ஒயில் எரியிறேல்லை, உள்ளுக்கே அடைச்சுக் கிடக்கு. சுவர் ஹீற்றர் மாதிரி உதுவும் கரண்டிலதான் சூடாகுது. உதால மிச்சம் ஒண்டுமில்லை. கதவைச் சாத்தி ஒரு அறையை மட்டும் சூடாக்கினாத்தான் மிச்சம். புட்டும் மீன்கறியும் அடுப்பில கிடக்கு.”

அடியில் நெருக்கி எழுதினாள்:

“கரண்ட் பில்லுக்குச் சண்டை பிடிச்சு நீங்கள் ஹோலில படுக்கத் தொடங்கினதில இருந்து ரெண்டு ஹீற்றர் ஓடுது. இண்டைக்கு ஹோலில இருக்கிற ஹீற்றரை நிப்பாட்டுங்கோ. உங்கட தலாணியை அறைக்குள்ள எடுத்து வைச்சிட்டன்.”