பட்டிப்பொலைக்குப் போன இரண்டு ஜாக்கெட்டுகள்

நேற்றுச் சாயந்திரம் உங்கள் தம்பி வேலை முடிந்து வரும்போது உங்கள் குளிர் ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். கருநீல நிறம், தலைமூடியைச் சுற்றிப் பொய் ரோமம். தூறலுக்குத் தலையை மூடிக்கொண்டு லயத்து வீட்டுப் படியில் ஏறி வந்தவரைப் பார்த்ததும், நீங்கள்தான் என்று கேத்தலை அடுப்பில் வைக்க எழுந்துவிட்டேன். பக்கத்தில் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. எழுந்தது எழுந்ததாக இருக்கட்டும் என்று அவருக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஜாக்கெட்டில் தேயிலைத் தூள் வாசம் அடித்தது. அவரும் இப்போது நீங்கள் வேலை பார்த்த ஃபெக்டரியில்தான், தேயிலை காயவைக்கிற அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

நம் மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். உங்களுக்கு வராமலே போன விசா அவளுக்கு வந்துவிட்டது. சாமான் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரே வீட்டிலிருந்து இரண்டாம் தடவை புறப்படுவது உடம்பை இப்படி அடித்துப்போடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன்.

முதல் தடவை புறப்பட்டபோது எல்லாவற்றையும் நீங்கள்தான் கட்டினீர்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஹட்டனில் படித்துச் சான்றிதழ் வாங்கியதும், கனடாவில் வயதானவர்களைப் பார்க்கிற வேலை கிடைத்தது. நான் தனியாகப் போவதைவிட அந்த ஊர்க் குளிர்தான் உங்களைப் பயமுறுத்தியது. “பாசை தெரியாட்டி நாலு பேர்கிட்டக் கேட்டுக்கலாம். குளிருகிட்ட என்னத்தக் கேக்குறது?” என்றீர்கள்.

நுவரெலியாவில் கூரை வரைக்கும் ஜாக்கெட்டுகள் தொங்கும் கடை வரிசையில் என்னை ஒவ்வொன்றாகப் போட வைத்தீர்கள். கையைத் தூக்கச் சொன்னீர்கள், குனியச் சொன்னீர்கள். பனி கொட்டினாலும் இது தாங்கும் என்று கடைக்காரர் சிங்களத்தில் சத்தியம் பண்ணினார். “எதுக்கும் ஒரு சைஸ் பெருசா எடு. உள்ளுக்கு ரெண்டு சுவெட்டர் போடணும்ல” என்றீர்கள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு உங்களுக்கும் ஒன்று எடுத்தீர்கள். “நானும் அடுத்த வருசம் வரப்போறவன்தானே.”

அதோடு விட்டீர்களா? “வாங்கியாச்சு. வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?” என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோச்சியில் ஏற்றினீர்கள். பட்டிப்பொலை ஸ்டேஷனைவிடக் குளிரான இடம் உங்களுக்குத் தெரியாது. அம்பேவலை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே மூட்டம். இறங்கி, பிளாட்போர்ம் பெஞ்சில் கழுத்து வரைக்கும் சிப்பை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு பேரும் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷன்காரர் ஒருவர் வந்து, எங்கே போகப்போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் “கெனடா” என்றீர்கள். அவர் தண்டவாளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்தக் கோச்சி இன்றைக்கு இல்லையே என்றார். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எனக்கு வேர்க்குதுங்க” என்றேன்.

“வேர்க்குதா? அப்பச் சரி. இனி எனக்குப் பயமில்ல.”

அங்கே போன முதல் வாரமே, பஸ்ஸுக்காக நின்ற இடத்தில், குளிர் அந்த ஜாக்கெட்டுக்குள் நேராகப் புகுந்தது. தலை துவட்டுகிற துவாயைப் போர்த்திக்கொண்டு நின்றது போல இருந்தது. விரல்கள் மரத்து, சிப்பைக் கழற்ற முடியாமல் அழுதேன். போனில் சொன்னதும், “அப்ப, பட்டிப்பொல குளிரெல்லாம் ஒரு குளிரே இல்லையா?” என்றீர்கள். பிறந்த ஊரை யாரோ குறைத்துப் பேசிவிட்டதைப் போல இருந்தது உங்கள் குரல். ஆனால் மறுநாள் நீங்களே கூப்பிட்டீர்கள். “வேற ஒன்னு வாங்கு. நான் எடுத்துக் குடுத்ததுன்னு அதையே போட்டுக்கிட்டு அலையாத.” கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி என்னைக் கூட்டிப்போய், முழங்கால் வரைக்கும் வருகிற கோட்டு ஒன்று எடுத்துத் தந்தாள். படம் அனுப்பினேன். “கரடி மாதிரி இருக்க. இன்னைக்காவது தூங்குவேன்” என்றீர்கள்.

அடுத்த பனிக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். ஃபெக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனது. அந்த நாளில் நான் இருந்த ஊரில் பனிப்புயல். ரோட்டை மூடிவிட்டார்கள், விமானமும் இல்லை. உங்களை எனக்காக வைத்திருக்கவும் முடியவில்லை. உங்கள் தம்பி போனைப் பிடித்துக் காட்டினார். கூட்டத்தை விட்டு ஒதுங்கி வந்து மெதுவாகக் கேட்டார்: “அண்ணி, அண்ணன் அந்தப் புது ஜாக்கெட்ட ஒரு தடவதான் போட்டாரு. கூடவே வச்சு அனுப்பிடவா?”

ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. “வேணாம் தம்பி. மண்ணுக்குள்ள குளிராது. நீங்க போட்டுக்குங்க” என்றேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை மகள் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். நாம் வாங்கிய கடையைப் பார்க்க வேண்டுமாம். ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது அங்க தாங்குமாம்மா?” என்றாள்.

“தாங்காது.”

“அப்ப ஏன் அப்பா வாங்குனாரு?”

“அப்பாவுக்குத் தெரிஞ்ச குளிருக்கு வாங்குனாரு.”

கம்பளிக் காலுறை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “குளிருக்கு எனக்குப் பயமில்லம்மா. அப்பாவ இங்க தனியா விட்டுட்டுப் போறதுதான்” என்றாள். தலவாக்கலை வரும் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அங்கே நான் எழும்பும் நேரம் உங்களுக்கு வேலை முடியும் நேரம். தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் “இன்னைக்கு என்னா குளிரு?” என்றுதான் கேட்பீர்கள். நான் சொன்னதும் விசிலடிப்பீர்கள். இப்போது கேட்க ஆளில்லை. ஆனாலும் எழுந்ததும் அன்றைய குளிரைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கட்டிலை விட்டு இறங்குகிறேன். ஒருநாள் என்னோடு தங்கியிருக்கும் பெண் பார்த்துவிட்டு, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள். வீட்டுக்காரரோடு என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து பக்கத்துக் கட்டிலில் மகள் படுத்திருப்பாள். அவள் காதில் விழுந்தாலும் விழட்டும். நான் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எழும்புவேன்.