அவள் சொல்லாத உன் பெயர்

என் கணேசா, அரியமங்கலம் பட்டறையில் உன் தூக்குச்சட்டிச் சோற்றில் பாதியை எனக்குப் போட்டவனே,

நீ டைபாய்டில் போய் ஐந்து வருஷம் ஆகிறது. உன் கமலாவை நான் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம். இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்தது வெட்கத்தினால் என்று நினைக்காதே. பொறாமையினால். உன் மேல்தான் பொறாமை.

பிரசவத்தில் என் பெண்டாட்டி சரசுவையும் குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு நான் பித்துப் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். கமலாவும் உன்னை இழந்து சுருண்டு கிடந்தாள். ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வோம் என்றுதான் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம். அங்கே குமாஸ்தா, "முதல் புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டார். கமலா வாயைத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாதே! என் கல்யாணத்தில் உன் பெயரைச் சொன்னவன் நான்தான்.

அன்று பிடித்தது எனக்கு இந்தப் பொறாமை. அவள் உன் பெயரைச் சொல்லாதவரை நீதானே புருஷன்? அப்போது நான் யார்? பேச்சில் நீ வந்தால் "உங்க சிநேகிதர்" என்பாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நீயோ முப்பது வயதிலேயே நின்றுவிட்டாய். எனக்குத் தலை நரைக்கிறது, சாம்பாரில் உப்பு குறைந்தால் கத்துகிறேன். உன்னோடு நான் எப்படியடா மல்லுக்கட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில் மாட்டினி ஷோ போனோம். படத்தில் மனைவியை இழந்த வாத்தியார் ஒருவர், புருஷனை இழந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி. சண்டை இல்லை, டூயட் இல்லை. அவர் அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார், அவள் அவர் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள், அவ்வளவுதான். "பாட்டைப் போடுங்கய்யா!" என்று தரை டிக்கெட்டில் ஒரே கூச்சல். ஒரு காட்சியில் அவர், "உங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பார்? சொல்லுங்களேன்" என்று கேட்கிறார். அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல். அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? வயிறு எரிந்தது.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

"யாரை நினைச்சு அழுதே?"

"கணேசனை நினைச்சுதாங்க. பாவம், சினிமான்னா உசிரு அவருக்கு."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "பேரைச் சொல்லிட்டியே!"

"சொன்னா என்னங்க? இப்போ நான் சொல்லக் கூடாதது உங்க பேரைத்தானே. எத்தனை நாளா அவரைப் பத்திப் பேசணும்னு இருந்தேன், நீங்கதான் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஜெயித்துவிட்டேன், கணேசா. இதற்குத்தானே இரண்டு வருஷமாகத் தவித்தேன்? வீடு வரும்வரை சந்தோஷம்தான். வாசலில் கால் கழுவும்போது உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. இருந்த பெண்டாட்டியையும் நான் எடுத்துக்கொண்டேன். இனி உனக்கென்று யார் இருக்கிறார்கள்?

பொறாமை முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கே அவள் உன்னை நினைத்துச் சிரித்தால் எனக்கு எரியும். எரிந்தாலும், உன்னைப் பற்றிச் சொல்லு என்று நானே அவளைக் கேட்பேன். வருகிற ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் காவிரியில் முழுகி, உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். இறந்தவர் என்ன உறவு என்று ஐயர் கேட்டால், அண்ணன் என்பேன்.

இப்படிக்கு,
உன் தம்பி மாணிக்கம்